நெல்மணி அளவுச் சுரப்பியும் ஓர் அட்டை மாத்திரையும்

1

நேற்று எங்கள் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். பீனியல் சுரப்பியின் செல்களுக்குள், அபினை ஒத்த ஓபியாய்டு வகைப் புரதத் துண்டுகளுக்கான மரபணு வேலை செய்கிறதா, செய்தால் எது அதை முடுக்கிவிடுகிறது, எது அடக்குகிறது என்று வருடக்கணக்காக நாங்கள் நோண்டிக்கொண்டிருந்த விஷயத்தை ஓர் ஆய்விதழ் ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. செய்திப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு தலைப்பு வேண்டுமாம். "மூளைக்குள் ஒரு வலி மருந்துக் கடை" என்று போடலாமா என்று கேட்டுவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கடையா? யாருக்குத் திறந்திருக்கிறது அந்தக் கடை?" என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. நார்வேயில், அதிலும் இந்த பெர்கன் நகரத்தில், யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஆய்வகத் தலைவர் ஹென்ரிக் என் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்றார்.

ஓய்வாம்! அதே நேரத்தில் குடவாசலுக்குத் தெற்கே எங்கள் ஊரில் என் அண்ணன் தங்கராசுவின் முதல் வருஷத் திதி நடந்துகொண்டிருந்தது. வலிக்கு மருந்து கிடைக்காமல் துடித்த மனிதர் அவர். இங்கே அவருடைய தங்கை வலி மருந்து மரபணுவுக்குக் கேக் சாப்பிடுகிறாள். எனக்கு வராத கோபம் வேறு யாருக்கு வரும்?

அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

2

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் சொல்லியும் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அண்ணி தனபாக்கியத்தைக் கேட்டால், "எங்க நாத்தனா வெளிநாட்டுல அபினு ஆராய்ச்சி பண்ணுது" என்பார். கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பீனியல் என்பது மூளையின் நடுவில், ஆழத்தில் இருக்கிற சுரப்பி. நம் மனிதர்களுக்கு ஒரு நெல்மணி அளவு இருக்கும். இருட்டினால் அது விழித்துக்கொண்டு, தூக்கத்துக்கான மெலடோனினைச் சுரக்கும். எலிகளுக்கு இன்னும் சிறியது. அதைத் தனியே எடுத்து, செல்களைப் பிரித்து, வளர்ப்புத் தட்டுகளில் உயிரோடு வைத்திருப்பது என் கைவேலை. நான் விஞ்ஞானி இல்லை, ஆய்வக உதவியாளர். ஆனால் செல் செத்துப்போனால் விஞ்ஞானிகள் என்னிடம்தான் ஓடிவருவார்கள்.

உடம்பு தானாகவே அபினைப் போல வலியை அடக்கும் சிறு புரதத் துண்டுகளை உண்டாக்கிக்கொள்கிறது. என்கெஃபலின் அதில் ஒன்று. அதற்கான மரபணு எல்லாச் செல்லிலும் இருக்கிறது, ஆனால் எல்லாச் செல்லிலும் வேலை செய்வதில்லை. வேலை செய்யத் தொடங்கினால் முதலில் ஒரு நகலை எழுதி அனுப்பும். 'இன்ன புரதத்தைச் செய்யவும்' என்கிற உத்தரவுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தட்டுகளில் சில பீனியல் செல்களில் அந்தச் சீட்டு தெளிவாகக் கிடைத்தது. நரம்பு அனுப்பும் ரசாயனத்தை ஊற்றினால் சீட்டின் அளவும் மாறியது. ஆனால் சீட்டு இருக்கிறது என்பதாலேயே சரக்கு தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. இடையில் எத்தனையோ இடத்தில் அது தடைபடலாம். தயாரான புரதத்தைக் கண்ணால் பார்க்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தூக்கத்துக்கும் பொழுதுக்குமான சுரப்பியில் அதற்கு என்ன வேலை என்பதையும் இன்னும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

உத்தரவு இருக்கும், சரக்கு இருக்காது. இதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் எந்த ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கும் ஜன்னலிலும் போய் நின்றாலே தெரிந்திருக்கும்.

3

அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடுவேன். பெர்கனில் வருடம் முழுக்க மழை. அதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம், பெரிய ஆத்திரமும்கூட.

"இன்னைக்கும் மழையா?"

"ஆமாண்ணே."

"அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது?"

"கடலுக்குத்தான்."

"ஒரு மடை கட்டலியா? ஒரு குளம் வெட்டலியா? படுபாவிங்க!" என்பார். நார்வேக்காரர்களைப் பற்றி அவர் சொன்ன ஒரே குறை அது.

தண்ணீர் விஷயத்தில் அவர் ஒரு பைத்தியம். மேட்டூரில் தண்ணீர் குறைந்து, வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டிய வருடங்களில், இத்தனை மணி நேரம் இவருக்கு, இத்தனை மணி நேரம் அவருக்கு என்று பிரித்துவிடுகிற பொறுப்பை ஊர் அவரிடம்தான் கொடுக்கும். எங்கள் வயல் தலைமடை. வாய்க்கால் தண்ணீர் முதலில் வந்து சேருகிற இடம். ஆனால் முறை வைத்தால் கடைமடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று சண்டை போட்டு நடத்தியவர் அவர். "நம்ம வயல்ல பாயாம அப்படி என்ன தருமம்" என்று அண்ணி திட்டாத வருடம் இல்லை. ஒரு வருடம் எங்கள் பயிர் கொஞ்சம் காய்ந்தே போயிற்று. "கடைசி வயலு நனைஞ்சாத்தான் முறை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் கணையத்தில் புற்று. கண்டுபிடித்தபோதே அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நோயின் வலி எப்படிப்பட்டது என்று படித்துத் தெரிந்தவள் நான். போனில் கேட்டால், "இருக்கு, அதுபாட்டுக்கு இருக்கு" என்பார்.

என் மகன் இளங்கோ இங்கேயே பிறந்தவன். தமிழ் புரியும், பேசத் தடுமாறுவான். அவனிடம் ஒருநாள் போனைக் கொடுத்தேன். "மாமா, வலிக்குதா?" என்று கேட்டான். "இல்லடா தம்பி" என்றார் அண்ணன். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாமா பொய் சொல்றாரு. ஏன் நீங்க எல்லாரும் அவர பொய் சொல்ல விடுறீங்க?" என்று நார்வே மொழியில் கேட்டான். அவனுக்கு என்ன தெரியும், அவன் இந்த ஊர்ப் பிள்ளை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

4

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா, நல்ல பெண்தான், வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அண்ணன் யோசித்து, "ஒரு மூணு இருக்கும்ங்க" என்று சொல்லியிருக்கிறார். மூன்றுக்கு உரிய மாத்திரையை அந்தப் பெண் எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டது.

விஷயம் தெரிந்து நான் போனில் குதித்தேன். "மூணா? எந்தக் கணக்குல மூணுன்னீங்க?"

"பின்ன என்ன புள்ள. அந்தப் பொண்ணு காலைலேருந்து நின்னுக்கிட்டே பாக்குது. நம்ம பேத்தி வயசுதான் இருக்கும். அதுகிட்ட போயி பத்துன்னா அது மனசு என்ன பாடுபடும்?"

இதை நான் ஹென்ரிக்கிடம் சொன்னால் நம்புவாரா? டாக்டரின் மனம் நோகக்கூடாது என்று நோயாளி தன் வலியைக் குறைத்துச் சொல்கிற ஜனம் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா? விருந்தாளி வந்தால் பசிக்கவில்லை என்று சொல்லிப் பழகிய வாய், வலிக்கும் அதையே சொல்கிறது. இதைப் பண்பு என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள் ஒரு தடவை கணையப் புற்றோடு வந்து அந்தப் பண்பைக் காட்டட்டும்.

நாலு வருடத்துக்கு முன் பனியில் வழுக்கி விழுந்து என் மணிக்கட்டு முறிந்தது. இங்கே நர்ஸ் கேட்டபோது நானும் "கொஞ்சம்" என்றுதான் சொன்னேன், ரத்தம் அப்படி. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டு என்று எழுதிக்கொண்டாள். கால் மணி நேரத்தில் மார்ஃபின் ஏறியது. ஒரு மணிக்கட்டுக்கு!

அடுத்த தடவை அண்ணியைக் கூடவே உள்ளே போகச் சொன்னேன். அண்ணி போய், "டாக்டரம்மா, இவரு சொல்றத எழுதாதீங்க. பாயச் சுருட்டி வாயில வச்சுக் கடிக்கிறாரு. பல்லுத் தடம் இருக்கு, வேணும்னா பாயக் கொண்டாந்து காட்டுறேன்" என்றிருக்கிறார். அப்புறம்தான் மார்ஃபின் மாத்திரை எழுதினார்கள். அதற்கு ஒரு பூட்டிய அலமாரி, தனிப் பதிவேடு, கையெழுத்து. பத்து மாத்திரை கொண்ட அட்டைகள். தீர்ந்த அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த தவணை.

மாத்திரை போட்ட மூன்றாம் நாள் அண்ணன் அவராகவே எனக்குப் போன் செய்தார். "இட்லி தின்னேன் புள்ள. நாலு தின்னேன்" என்றார். நான் ஆய்வகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

5

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கே மாரியாயி. அண்ணனைவிட நாலைந்து வயது குறைவு. எங்கள் வயலில் முப்பது வருடத்துக்கு மேல் நாற்றுப் பறித்து நட்டவர். அவருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்து எதைப் பார்ப்பது? காய்ச்சல் மாத்திரையும் ஊசிக்கார் ஊசியும்தான். ஊசிக்கார் என்றால் எங்கள் ஊரில் சைக்கிளில் வந்து ஊசி போடுகிறவர்.

அண்ணனுக்கு உடம்பு கொஞ்சம் தேறியதும், காலார நடந்துவிட்டு வருகிறேன் என்று வாய்க்கால் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறார். மாரியாயி கிடந்த கிடையைப் பார்த்திருக்கிறார். மறுநாள் ஒரு முழு அட்டையை மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, "பாதியா ஒடச்சுப் போடு தாயி, முழுசாப் போட்டுடாத" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த தவணைக்கு அண்ணி போனபோது ஓர் அட்டை குறைந்தது. ஜன்னலில் இருந்த ஆள் கேட்டது இது: "எங்க வித்தீங்க?"

விற்றதாகச் சொன்னதும் அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். அட்டையைத் தேடிக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். காட்டினாலும் பிரயோசனமில்லை, ஒருத்தருக்கு எழுதிய மருந்தை இன்னொருத்தருக்குக் கொடுத்ததே குற்றம், மேலிடத்துக்கு எழுதிப் பதில் வருகிறவரை நிறுத்திவைக்கிறோம் என்று பதிவேட்டை மூடிவிட்டார்கள்.

நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? ஆஸ்பத்திரியையா? இல்லை. அண்ணனைத் திட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன். "உனக்கு என்ன தெரியும் அந்த மாத்திரையப் பத்தி? பழக்கமில்லாத உடம்புல மூச்சே நின்னுபோகும். அது உனக்கு எழுதின மருந்து. நீ யாரு அதப் பங்கு போட?"

நான் சொன்னது மருத்துவப்படி சரி. இன்றைக்கும் சரி. யாரும் அப்படிக் கொடுக்கக்கூடாது.

அவர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "தலைமடைல நிக்கிறவன் மடைய அடைச்சுக்கிட்டா கடைமடைக்காரன் எங்க போவான், மதி? நான் மாத்திரை போட்டுட்டுத் தூங்குறேன். அந்தப் பக்கம் அது கத்துறது எனக்குக் கேக்குது. எப்படித் தூங்குறது, சொல்லு."

6

ஒரு வாரம் இங்கிருந்தபடியே முட்டி மோதினேன். அண்ணி போனில், "நீ அதுலதான வேலை பாக்குற, ரெண்டு அட்டை அனுப்பக்கூடாதா?" என்று கேட்டார். எங்கள் உறைபெட்டியில் குப்பி குப்பியாக என்கெஃபலின் இருக்கிறது. அது அளந்து பார்ப்பதற்கான சரக்கு, மனிதருக்கு மருந்தாகாது. அண்ணியிடம் இதை எப்படி விளக்குவது? விளக்கினேன். "சரி விடு" என்றார். அந்த 'சரி விடு' இன்னும் காதில் குத்துகிறது.

மாத்திரை அனுப்ப வழியுண்டா என்று இங்கே சுங்க அலுவலகத்தில் கேட்டேன். மிக மரியாதையாக முடியாது என்றார்கள். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் இன்னும் மரியாதையாகிவிட்டார்கள். மறுநாள் ஹென்ரிக் என்னை அறைக்குள் கூப்பிட்டு, இதுபற்றி ஆய்வக மின்னஞ்சலிலிருந்து யாருக்கும் எழுத வேண்டாம், உரிமத்துக்குச் சிக்கலாகிவிடும் என்றார். என் அண்ணனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டார். உரிமத்தைப் பற்றி ஒன்பது வார்த்தை சொன்னார்.

இந்தியப் பயணத்துக்கு எனக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது அதன் எண்ணை மாற்றிப் பதியவில்லை. அதற்கு ஒரு படிவம், போட்டோ, போட்டோவின் அளவு சரியில்லை என்று ஒரு பதில். சொந்த அண்ணன் பாயைக் கடித்துக்கொண்டிருக்கிறார், நான் போட்டோவில் காது தெரியவில்லை என்று திரும்பப் போய் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்தை நிறுத்திய பத்தாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். அண்ணனைப் பார்த்தேன். அதை எழுதப் போவதில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மேஜைக்கு மேஜை நின்றேன். நான் வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டையைக் காட்டியதும் ஒரு நாற்காலி கிடைத்தது. அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. அண்ணி இத்தனை நாள் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார். கடைசியில் ஓர் அதிகாரி, உறவினர் ஒருவர் பொறுப்பேற்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் திரும்பத் தொடங்கலாம் என்றார். அவரே வாசகம் சொன்னார். மருந்து நோயாளியைத் தவிர வேறு எவருக்கும் எக்காரணம் கொண்டும் கொடுக்கப்படாது, மீறினால் மருந்து நிரந்தரமாக நிறுத்தப்படுவதற்குச் சம்மதிக்கிறேன்.

"அந்தம்மாவுக்கும் புற்றுநோய்தான் சார். அவங்களையும் பதிவு பண்ணிக்கங்களேன்" என்றேன்.

"தாராளமா. நேர்ல கூட்டிட்டு வாங்க. பயாப்ஸி ரிப்போர்ட், ஆதார், பழைய சீட்டு எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"உக்கார முடியாதுங்க அவங்களால."

"அப்ப நாங்க என்னம்மா செய்ய முடியும்?"

வலிக்கு மருந்து வாங்க வலியில்லாமல் வந்து வரிசையில் நிற்க வேண்டும். சட்டத்தைத் தளர்த்தி வருடங்கள் ஆகிவிட்டன, உத்தரவெல்லாம் தெளிவாக இருக்கிறது என்று அதே அதிகாரி என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு இடத்தில், தமிழில்.

ஒரு வேனைப் பிடித்து, மெத்தை போட்டு, மாரியாயியைப் படுக்கவைத்துத் தஞ்சாவூர் கொண்டுபோயிருக்கலாம். அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. ரிப்போர்ட்டை எங்கே தொலைத்தார்கள் என்று தேடியிருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம், அண்ணனுக்கு முதலில் வலி அடங்கட்டும் என்று நினைத்தேன். அதிகாரிகளைத் திட்டுகிறேனே, நாளைக்கு வா என்று சொல்கிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

7

மாத்திரை திரும்ப வந்ததும் வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டேன். நம் வீட்டிலிருந்து யாரும் காலனிப் பக்கம் போகக்கூடாது. அங்கிருந்து யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். மாத்திரைகளை என் கைப்பையில் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாரியாயியின் மகள் செல்வி வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள், புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"செல்வி, என்ன தப்பா நெனைக்காத. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"அதுக்கில்லக்கா..."

"வேணாம். ஒண்ணும் பேசாத. போ."

நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் உள்ளே வந்து அண்ணனுக்கு மாத்திரை கொடுத்தேன்.

அடுத்த ஐந்து நாட்களும் வாய்க்காலைத் தாண்டி அந்தச் சத்தம் வந்தது. டிவியைச் சத்தமாக வைத்தேன். அண்ணனுக்கு நினைவு தெளிவாக இருந்த ஒருநாள், "மாரியாயி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அதுக்கும் ஆஸ்பத்திரில பதிவு பண்ணிட்டோம்ணே. மாத்திரை குடுத்துட்டாங்க" என்றேன்.

"நல்லது பண்ணின புள்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருட வெளிநாட்டு வாழ்க்கையில் நான் எத்தனையோ படிவத்தில் எத்தனையோ பொய்யை நிரப்பியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு பொய் சொன்னதில்லை.

ஆறாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. பறை கேட்டது. தெருவில் யாரோ ஒரு பெரியவர் சாவு என்று அண்ணனிடம் சொல்லச் சொன்னேன். அதற்குப் பதினொரு நாள் கழித்து அவரும் போனார். தூக்கத்திலேயே, வலியில்லாமல். வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு, கொடுத்துவைத்த சாவு என்றார்கள். நான் சரியான நேரத்தில் வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன் என்று உறவு முழுக்க என்னைப் பாராட்டியது. இளங்கோ மட்டும் நான் திரும்பி வந்ததும் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அந்த இன்னொரு அம்மா பேரு என்ன?" என்றான். சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு 'ரி' சரியாக வரவில்லை.

8

கேக்கைப் பாதியில் விட்டுவிட்டு நேற்று வீட்டுக்கு வந்ததும் அண்ணிக்கு வீடியோ போட்டேன். திதி முடிந்து பந்தியும் முடிந்திருந்தது. படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மாரியாயிக்கு வருஷம் திரும்பிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். அன்றைக்கு எனக்கு யாரும் வீடியோ போடவில்லை, நானும் நினைக்கவில்லை.

பின்னால் செல்வி தெரிந்தாள். சாப்பிட வந்திருக்கிறாள். "அவகிட்ட குடுங்கண்ணி" என்றேன். அண்ணி ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தார்.

"நல்லா இருக்கீங்களாக்கா? தம்பி நல்லா இருக்கா?"

"செல்வி, அன்னைக்கு நீ வாசல்ல வந்து நின்ன. மாத்திரை கேட்டு வந்தவள நான் வாயத் தொறக்கவே விடல. ஒரு வருஷமா அது என்னப் போட்டு அரிக்குது. உங்கிட்டச் சொல்லாம இருக்க முடியல."

அவள் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். சத்தம் குறைந்தது.

"நான் கேட்டு வரலக்கா. குடுக்க வந்தேன்."

"எத?"

"மாத்திரையத்தான். ஐயாவுக்கு நிறுத்திப்புட்டாங்கன்னு காதுல விழுந்த அன்னையிலேருந்து எங்கம்மா அதப் போடல. ஒண்ணரை மிச்சம் இருந்துச்சு. அவரு குடுத்த மருந்து, அவருக்கே இல்லாதப்ப நான் எப்படிப் போடறது, கொண்டுபோய்க் குடுத்துட்டு வான்னு என்னத் தொரத்துச்சு. நீங்க போன்னுட்டீங்க. வீட்டுக்குப் போயி, ஐயாவுக்குத் திரும்பக் குடுத்துட்டாங்களாம்மா, நீ போட்டுக்கன்னு எவ்வளவோ சொன்னேன். நம்பல. நான் பொய் சொல்றேன்னுச்சு. உங்க வீட்டுலேருந்து எப்ப வேணாலும் கேட்டு வருவாங்கன்னு முந்தானைல முடிஞ்சுகிட்டு அப்படியே கெடந்துச்சு."

"பெறவு அத என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"வாய்க்கரிசி போடறப்ப அரிசியோட சேத்துப் போட்டுட்டேன்க்கா. அப்பவாச்சும் வலி நிக்கட்டும்னு."